கடலுக்கும் ஒரு கணக்கு உண்டு

காஞ்சியிலே பிறந்து வளர்ந்த நமக்குக் கடலோடு என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். நம் செவிக்குப் பழகியது தறியோசையே, அலையோசை அன்று. ஆயினும் நம் ஊரின் கழிவுநீர் வேகவதியில் சேர்கிறது. வேகவதி பாலாற்றில் கலக்கிறது. பாலாறோ வாயலூர் அருகே வங்கக் கடலை அடைகிறது. ஆகவே, கடலின் நலத்தில் நமக்கும் பங்கு உண்டு என்பதே என் கருத்து.

“காடுகளே உலகின் நுரையீரல்” என்று படிக்கிறோம். ஆனால் தாவரங்களும் நுண்ணுயிர்களும் உண்டாக்கும் பிராணவாயுவில் ஏறத்தாழப் பாதியைக் கடலில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே தருகின்றன. அவற்றுள் புரோக்ளோரோகாக்கஸ் என்பதை 1988-ஆம் ஆண்டில்தான் உலகம் அறிந்தது. ஒரு துளிக் கடல்நீரிலேயே இது ஆயிரக்கணக்கில் வாழக்கூடும்!

இவ்வுயிர்கள் வளர ஒளி மட்டும் போதாது. நைட்ரஜனும் பாஸ்பரசும் வேண்டும். மடிந்த உயிர்களைப் பாக்டீரியாக்கள் சிதைத்து அச்சத்துகளை மீண்டும் நீரில் விடுகின்றன. அதைக் கொண்டு புதிய உயிர்கள் தழைக்கின்றன. அவற்றைச் சிறு பிராணிகளும், சிறு பிராணிகளை மீன்களும் உண்கின்றன. பாவு இருந்தும் ஊடை ஓடாவிட்டால் சேலை ஏது? அதுபோல, பாக்டீரியாக்கள் ஓய்ந்தால் மீனவர் வலையில் மீன் ஏது?

“சத்துதானே, மிகுந்தால் நல்லதுதானே?” என்பார் சிலர். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு அன்றோ! 2019-இல் மண்டபம் பக்கம் நாக்டிலூகா என்னும் நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சை நிறமாயிற்று. மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. இத்தகைய பெருக்கத்துக்குக் காற்று, வெப்பம், நீரோட்டம் எனப் பல காரணங்கள் உண்டு. கரையிலிருந்து செல்லும் கழிவும் அதற்குத் துணை போகலாம் என்பதை மறுக்க இயலாது.

இனி நம் தொழிலுக்கு வருவோம். கோராப் பட்டைச் சோப்பும் சோடாவும் இட்டு வேகவைத்துப் பசையை நீக்குகிறோம். பட்டின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அந்தப் பசையே. செரிசின் எனப்படும் அது ஒரு புரதம். அதில் நைட்ரஜன் உண்டு. ஆண்டின் பெரும்பகுதி பாலாறு மணலாகக் கிடப்பதால் கழிவு நம் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் தங்குகிறது. 2021 நவம்பரில் வந்ததைப் போன்ற பெருவெள்ளமோ ஆற்றில் கிடப்பதையெல்லாம் கடலுக்கு வாரிச் செல்கிறது.

அதற்காகத் தறியை நிறுத்தச் சொல்லவில்லை. பல வீடுகளில் அடுப்பு எரிவது அதனாலன்றோ! பசைநீரைச் சாக்கடையில் விடாமல் தனியே சேர்த்துப் பொது நிலையத்தில் சுத்திகரிக்கலாம். செரிசினைப் பிரித்தெடுத்தால் முகப்பூச்சு முதலியன செய்வோருக்கு அது மூலப்பொருள். ஆனால் இச்செலவை ஏழை நெசவாளியின் தலையில் சுமத்துவது நியாயமாகாது. பட்டால் பெரும் இலாபம் காண்போரும் அரசும் ஏற்க வேண்டும்.

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பர். கண்ணுக்கே தெரியாத உயிர்கள் நமக்கு மூச்சுக்காற்றும் உணவும் அளிக்கின்றன. அவற்றுக்கு நாம் எதை அனுப்புகிறோம்? அடுத்த முறை வேகவதிப் பாலத்தைக் கடக்கையில் ஒரு கணம் நின்று எண்ணிப் பாருங்கள், தோழியரே!