பேனா ஏன் நிற்கிறது?

சென்ற மாதம் ஓர் இலக்கியக் கூட்டத்தில் நண்பர் ஒருவர் எழுத்தாளர்களை ஒரு பிடி பிடித்தார். “தச்சன் என்றைக்காவது ‘இன்று எனக்குத் தச்சு வேலை வரவில்லை’ என்று உட்கார்ந்திருக்கிறானா? எழுத்தாளனுக்கு மட்டும் எதற்கு இந்தச் சலுகை? எழுத வரவில்லை என்பது சோம்பேறியின் சாக்கு!” என்றார். சபை கைதட்டியது. நானும் தட்டினேன். வீடு திரும்பும் வழியில்தான், தட்டியிருக்கக் கூடாது என்று உறைத்தது.

நண்பருக்கு எழுத்தும் தெரியவில்லை, தச்சும் தெரியவில்லை. நல்ல தச்சன் பச்சை மரத்தில் கதவு செய்யமாட்டான். செய்தால் நாலு மாத வெயிலில் அது முறுக்கிக்கொண்டு நிலைக்குள் அடங்காது. மரம் உலரட்டும் என்று அவன் காத்திருப்பதைச் சோம்பல் என்று யாராவது சொன்னால், உளியைக் காட்டி, “நீயே செய்து பாரும் ஐயா” என்பான்.

ஜெர்மன் மொழிக் கவி ரில்கே தம் டுயினோ எலிஜிகளை 1912-ல் தொடங்கினார். சில பகுதிகள் வந்தன, பிறகு நின்றன. யுத்தம் வந்தது, போயிற்று. முடித்தது 1922 பிப்ரவரியில். அதே மாதத்தில் வேறொரு கவிதை வரிசையும் வெள்ளமாகக் கொட்டியது. நம்மிடையே சுந்தர ராமசாமியின் முதல் நாவல் 1966-ல் வந்தது, அடுத்தது 1981-ல். இவர்களையும் சோம்பேறிப் பட்டியலில் சேர்த்துவிடலாமா?

அதற்காக ‘மூட்’ வரட்டும் என்று காபி ஓட்டலில் காத்திருப்பவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. எழுத ஆசையே இல்லாதவனுக்கு எழுத வராததில் என்ன துன்பம்? ஆசை நெஞ்சை அடைக்க, கதை முழுவதும் கண்முன் நிற்க, காகிதத்தின் முன் உட்கார்ந்தால் ஒரு வாக்கியம்கூட நகராது. நான் பேசுவது அந்த நரகத்தைப் பற்றி.

என் அக்காவைப் பற்றி ஒரு நாவல் எழுத இரண்டு வருஷமாக முயன்றேன். ஒருவரைத்தான் படிக்கவைக்க முடியும் என்ற நிலையில், எட்டாம் வகுப்போடு அவளை நிறுத்திவிட்டு என்னைப் படிக்கவைத்தார்கள். முதல் அத்தியாயத்தைப் பதினொரு தடவை எழுதிக் கிழித்தேன். அதே நாட்களில் பத்திரிகைக்கு ஒரே மாலையில் கதை எழுதிக் கொடுத்தேன். அப்படியானால் கையில் குறையில்லை, சோம்பலும் இல்லை. பின் எது தடுத்தது?

பதினொரு பிரதியிலும் அக்கா சிரித்த முகத்தோடு தம்பிக்காகப் படிப்பைத் துறந்தாள். தியாகச் சுடர்! வாசகர்கள் கண்ணீர் விட்டிருப்பார்கள். ஆனால் வாஸ்தவம் வேறு. அக்கா சிரிக்கவில்லை. புத்தகப் பையைக் கட்டிக்கொண்டு கூடத்துத் தூணடியில் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். மூன்றாம் நாள் அந்தப் பை என் தோளுக்கு வந்தது. அவள் கொடுக்கவில்லை, நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

இதை எழுதாமல் இந்த நாவலை எழுதப் பார்த்தேன். பேனா என்னைவிட யோக்கியமாக இருந்தது. நின்றுவிட்டது.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. ஆவேசம் இருந்தும் எழுத்து வராதபோது, பல சமயம் நாம் எங்கோ பொய் சொல்லப் பார்க்கிறோம். ‘தினம் பத்துப் பக்கம் எழுது, தானே வரும்’ என்ற உபதேசம் அந்தப் பொய்யைச் சரளமாகச் சொல்லப் பழக்கும். ‘தெய்வ அருள் வரும்வரை காத்திரு’ என்ற உபதேசமோ, அந்தப் பொய்யை நேருக்கு நேர் பார்க்காமல் தப்பிக்க வழி சொல்லும். இரண்டும் வேண்டாம். நின்ற இடத்திலேயே நின்று, ‘இங்கே எதை மறைக்கிறேன்?’ என்று கேட்பதுதான் வேலை. அது எழுதுவதைவிடக் கடினமான வேலை.

நாவல் இன்னும் முடியவில்லை. தூணடியில் அக்கா கிடந்த அந்த இரண்டு நாளை எழுதி முடித்திருக்கிறேன், நாற்பது பக்கம். அச்சுக்குப் போகுமுன் அவளிடம் படித்துக் காட்டவேண்டும். அந்த நாளை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. கூட்டத்து நண்பர் இதையும் சாக்கு என்பாரோ?