ஆரியசாலையை இடித்தால் யாருக்கு வீடு?

ஆரியசாலையும் சாலைக் கடைத்தெருவும் பழசாகிவிட்டன, இடித்து அடுக்குமாடி கட்டினால் திருவனந்தபுரத்தின் நடுப்பகுதி உயிர்பெறும், வீட்டுத் தட்டுப்பாடும் குறையும் என்கிறார்கள். நகர நடுவில் வீடுகள் வேண்டும் என்பது சரி. மற்றது தவறு.

ஒன்று: 18-ஆம் நூற்றாண்டில் திவான் ராஜா கேசவதாசன் உருவாக்கிய சந்தை சாலைக் கடைத்தெரு. தமிழ் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடை நடத்துகிறார்கள். சுமை இறங்கும் நேரத்தில் இந்தத் தெருவில் நடந்தவர் எவராவது இதை உயிரற்ற இடம் என்பாரா?

இரண்டு: குறை வடிகாலில் இருக்கிறது. அருகிலுள்ள தம்பானூரும் கிழக்கேகோட்டையும் மழைக்கு மூழ்கியதால்தான் 2015-இல் 'ஆபரேஷன் அனந்தா' என்ற வெள்ளத் தடுப்புத் திட்டம் வந்தது; ஓடைகளின் மேல் கட்டிய ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டியிருந்தது. அதே ஓடைகளை நம்பி இன்னும் நூற்றுக்கணக்கான வீடுகளா?

மூன்று: இதுதான் முக்கியம். யாருக்கான வீடு? இந்த நிலவிலையில் எழும் ஃபிளாட்டைச் சுமைத் தொழிலாளி வாங்குவாரா? கடைச் சிப்பந்தி? வாடகைக்கு இருப்பவர் இடிப்புக்காக வெளியேறினால், பழைய வாடகையில் திரும்பி வர யார் பொறுப்பு?

தீயணைப்பு வண்டி நுழையாத சந்துகள் உண்மையான ஆபத்து. ஆனால் அதற்கு வேண்டியது இடிப்பு அல்ல, தண்ணீர்க் குழாயும் ஒழுங்கான மின்கம்பியும்.

மாநகராட்சி முதலில் வடிகாலைச் சீர்செய்யட்டும். வாடகைதாரரின் திரும்பிவரும் உரிமையை எழுத்தில் தரட்டும். அதுவரை ஒரு சுவரையும் தொடக் கூடாது.