மஞ்சள் போர்டு கார் மலிவா? மரக்காணம் பக்கம் பழைய கார் வாங்குபவர்கள் உஷார்!

விலையைப் பார்த்து மயங்கினால் உப்புக் காற்று வேலையைக் காட்டும்

மரக்காணம்,–

"வாடகைக்கு ஓடின கார் ஒண்ணு வந்திருக்குண்ணே. ஏசி, மியூசிக் எல்லாம் இருக்கு. விலை சல்லிசு. யோசிக்காம எடுத்துப் போடுங்க!"

உப்பு வாரி விற்ற பணம் கையில் புரளும் நாட்களில் மரக்காணம் டீக்கடைகளில் இந்தப் பேச்சு சகஜம். புரோக்கர் சொல்வதைக் கேட்டால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அந்தக் கார் வீட்டு வாசலுக்கு வந்து ஆறு மாதம் ஆன பிறகு தலையில் கை வைத்து உட்காருபவர்களும் உண்டு.

வாடகைக்கு ஓடிய காரை வாங்கலாமா, கூடாதா? உப்பளக் கரையில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி மற்ற ஊர்க்காரர்களைவிடக் கொஞ்சம் கனமானது.

ஏன் இங்கே இத்தனை கார்?

விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த மரக்காணம், சென்னை–புதுச்சேரி கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. தெற்கே புதுச்சேரி சுமார் 35 கிலோ மீட்டர். வடக்கே சென்னை சுமார் 120 கிலோ மீட்டர். சனி, ஞாயிறு வந்துவிட்டால் இந்தச் சாலையில் டாக்சிகளும், தானே ஓட்டிச் செல்லும் வாடகைக் கார்களும் சாரை சாரையாகப் போகும்.

இப்படி ஓடிய கார்கள் மூன்று நான்கு ஆண்டுகளில் கைமாறுகின்றன. டாக்சி ஓட்டியவர் புது வண்டி எடுக்க விரும்புகிறார். கம்பெனிக்காரர்கள் குத்தகை முடிந்ததும் காரைத் தள்ளிவிடுகிறார்கள். அந்த வண்டிகள் புதுச்சேரி, திண்டிவனம், சென்னை கார் சந்தைகளுக்கு வந்து, அங்கிருந்து கடற்கரை ஊர்களுக்குள் நுழைகின்றன.

மூன்று ரகம்

வாடகைக் கார் என்றால் எல்லாம் ஒன்றல்ல. இதில் மூன்று ரகம் உண்டு.

முதல் ரகம் டாக்சி. மஞ்சள் நிற நம்பர் பலகையில் கறுப்பு எழுத்து. ஒரே டிரைவரிடம் ஓடியிருந்தால் என்ஜின் நன்றாக இருக்க வாய்ப்பு உண்டு. அவருக்குச் சோறு போட்டது அந்த வண்டிதான். ஆயில் மாற்றாமல் விடமாட்டார். ஆனால் ஓடிய தூரம்தான் மலைக்க வைக்கும். தினம் 150 கிலோ மீட்டர், மாதம் 25 நாள் என்று கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 45 ஆயிரம் கிலோ மீட்டர் ஆகிறது. நாலு ஆண்டில் 1 லட்சத்து 80 ஆயிரம்! மாதம் ஆயிரம் கிலோ மீட்டர் ஓட்டும் வீட்டுக் கார் அதே நாலு ஆண்டில் 48 ஆயிரம்தான் ஓடியிருக்கும்.

இரண்டாவது ரகம், வாடகைக்கு எடுப்பவரே ஓட்டிச் செல்லும் கார். இதற்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. வாரம் ஒரு ஆள் ஓட்டியிருப்பார். "நம்ம வண்டியா என்ன?" என்று பள்ளத்தில் விட்டிருப்பார்கள். கடற்கரை மணலில் இறக்கி, சக்கரம் புதைந்து, கிளட்ச் கருக எடுத்திருப்பார்கள். கிலோ மீட்டர் குறைவாக இருந்தாலும் அடி அதிகம். மூன்றில் மிகவும் யோசிக்க வேண்டிய ரகம் இதுதான்.

மூன்றாவது ரகம், கம்பெனிகள் தங்கள் அதிகாரிகளுக்காகக் குத்தகைக்கு எடுத்த கார். பெரும்பாலும் வெள்ளைப் பலகை. ஒரே குடும்பம் ஓட்டியிருக்கும். சர்வீஸ் பில் வரிசையாக இருக்கும். ஆர்.சி.யில் குத்தகைக் கம்பெனியின் பெயர் இருப்பதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் இது மூன்றில் நல்ல ரகம். அந்தக் கம்பெனியிடமிருந்து தடையில்லாச் சான்று கிடைக்கிறதா என்பதே முக்கியம்.

மீட்டரை நம்பாதே!

"அம்பதாயிரம்தான் சார் ஓடியிருக்கு" என்று மீட்டரைக் காட்டுவார்கள். மீட்டரைத் திருப்பி வைப்பது பழைய கார் வியாபாரத்தில் பழைய கதை. சர்வீஸ் பில்லில் தேதியும் கிலோ மீட்டரும் பதிவாகியிருக்கும். அதை மீட்டரோடு ஒத்துப் பார்க்க வேண்டும். "பில் எல்லாம் தொலைஞ்சு போச்சு" என்றால், காரை விட்டுவிட்டு வந்துவிடலாம்.

வெள்ளைப் பலகை மாட்டியிருந்தாலும் டாக்சியாக ஓடியதைக் காட்டிக் கொடுக்கும் அடையாளங்கள் உண்டு. டாஷ்போர்டில் வாடகை மீட்டர் திருகிய ஓட்டை. கதவில் ஸ்டிக்கர் உரித்த தடம். கூரையில் கேரியர் அழுத்திய வடு. வீட்டுக் காரில் டிரைவர் சீட்டுதான் முதலில் தேயும். டாக்சியில் பின் சீட்டும், பின் கதவுக் கைப்பிடியும் சேர்ந்து தேய்ந்திருக்கும். பெடல் ரப்பர் வழுவழு என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

காகிதத்தில்தான் கண்டம்

மஞ்சள் போர்டு காரை வாங்கி, வெள்ளைப் பெயிண்ட் அடித்துவிட்டால் சொந்தக் கார் ஆகிவிடாது. முதலில் பர்மிட்டை ஒப்படைக்க வேண்டும். பாக்கி வரி, அபராதம் எல்லாம் கட்ட வேண்டும். கடன் இருந்தால் பாரம் 35 மூலம் அதை ஆர்.சி.யிலிருந்து நீக்க வேண்டும். பிறகு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பித்து, சொந்த வாகனத்துக்குரிய வரியைக் கட்டி, வகையை மாற்ற வேண்டும். இந்தச் செலவு யார் தலையில் என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பேசிவிட வேண்டும்.

மாற்றாமல் மஞ்சள் போர்டாகவே ஓட்டினால் எப்.சி. கட்டாயம். வண்டிக்கு 8 வயது ஆகும் வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை. அதன் பிறகு ஆண்டுதோறும். வெள்ளைப் போர்டுக்கு முதல் 15 ஆண்டு இந்தத் தொல்லை இல்லை.

புதுச்சேரி வண்டி என்றால் இன்னொரு சிக்கல். 'பி.ஒய்.' நம்பர் காரை 12 மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். அதற்குப் புதுச்சேரியிலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். மரக்காணத்துக்காரர்கள் எல்லையோரம் இருப்பதால், "பக்கத்து ஊர்தானே" என்று இதை அலட்சியம் செய்கிறார்கள். சாலைச் சோதனையில் மாட்டும்போதுதான் விஷயம் புரிகிறது.

சுப்ரீம் கோர்ட்டு சொன்னது

"பாரத்துல கையெழுத்து போட்டுக் கொடுத்துட்டேன். நீங்க எப்ப வேணா பேர் மாத்திக்குங்க" என்பது வழக்கமான வசனம். இதில்தான் ஆபத்து.

ஒரு கார் 2007–ம் ஆண்டில் விற்கப்பட்டு, பெயர் மாற்றாமலே அடுத்தடுத்துப் பல கை மாறியது. 2009–ம் ஆண்டில் அந்தக் கார் மோதி உயிர்ப்பலி ஏற்பட்டது. நஷ்ட ஈடு யார் கொடுப்பது? வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர் என்று 2018–ம் ஆண்டு பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. காரை விற்றுப் பல ஆண்டு ஆனவர் தலையிலேயே பொறுப்பு விழுந்தது.

விற்றவருக்கு இந்தக் கதி. வாங்கியவருக்கோ வேறு கதி. பெயர் மாற்றாத வரை கார் அவருடையது என்று காட்ட ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது. இன்சூரன்ஸ் தன் பெயருக்கு மாறாமல் இருந்தால், கார் நொறுங்கும்போது சேதத்துக்குப் பணம் கேட்க முடியாது. பாரம் 29, 30 இரண்டையும் உடனே கொடுத்துப் பெயரை மாற்ற வேண்டும். 14 நாளுக்குள் இன்சூரன்சையும் மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்க வேண்டும்.

வாடகைக்கு எடுத்த காரை அடகு வைத்தும், போலி ஆவணத்தில் விற்றும் ஏமாற்றிய வழக்குகள் தமிழ்நாட்டின் பல ஊர்களில் பதிவாகியிருக்கின்றன. அப்படிப்பட்ட கார் சிக்கினால் போலீசார் வண்டியைக் கைப்பற்றி விடுவார்கள். கொடுத்த பணத்துக்கு வாங்கியவர் அலைய வேண்டியதுதான்.

2023–ம் ஆண்டு ஏப்ரல் 1–ந் தேதி முதல் பழைய கார் வியாபாரிகளுக்குப் போக்குவரத்து அலுவலகத்தின் அங்கீகாரச் சான்று வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. உரிமையாளர் காரை ஒப்படைத்ததை முறைப்படி தெரிவித்துவிட்டால், விற்கும் வரை வியாபாரிதான் அந்த வண்டிக்குப் பொறுப்பு. "அங்கீகாரச் சான்று இருக்கா?" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

உப்புக்கு இரும்பு ஆகாது

இனிதான் மரக்காணத்துக்கே உரிய விஷயம். உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். உப்பு ஈரம் படிந்த இரும்பு மற்ற இடத்தைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். உப்பளம் ஓரம் நிற்கும் சைக்கிளைப் பார்த்தாலே இது தெரியும். கார் மட்டும் விதிவிலக்கா?

கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே ஓடிய டாக்சி மேலே பளபள என்று மின்னும். கீழே படுத்துப் பார்த்தால் கதை வேறு. லிப்டில் ஏற்றி, சைலன்சர், பிரேக் குழாய், சஸ்பென்ஷன் பிடிப்பு, சக்கரத்துக்கு மேல் உள்ள வளைவு, கதவின் அடி விளிம்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி, அதன் அடியிலும் பார்க்க வேண்டும். கால் மிதிக்கும் விரிப்பைத் தூக்கினால் தரைத் தகடு தெரியும். அங்கே துரு பொரிந்திருந்தால் அந்தக் காரைத் தொடவே கூடாது. என்ஜினை மாற்றலாம், தகட்டை எத்தனை தரம் ஒட்டுப் போடுவது? பட்டி பூசி பெயிண்ட் அடித்த இடத்தில் ஒரு சின்னக் காந்தத்தை வைத்தால் ஒட்டாது. இது பழைய மெக்கானிக்குகளின் தந்திரம்.

புயலில் நனைந்த கார்

2024–ம் ஆண்டு நவம்பர் 30–ந் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டி மீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. மரக்காணம் உப்பளங்கள் தண்ணீரில் மூழ்கின. புதுச்சேரி வீதிகளில் கார்கள் வெள்ளத்தில் நின்றன. சென்னையும் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் இதே காட்சியைப் பார்த்தது. அந்த அனுபவத்தால்தான் 2024–ம் ஆண்டு மழையின்போது வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் மக்கள் தங்கள் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

நனைந்த கார் கழுவித் துடைத்துச் சந்தைக்கு வருவது புதிதல்ல. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கோடு தெரியும். சீட்டு நகரும் தண்டவாளத்தில் துரு இருக்கும். ஏசி போட்டதும் ஈர வாடை வரும். ஒயர் இணைப்புகளில் பச்சை பூத்திருக்கும். உப்புத் தண்ணீர் புகுந்த ஒயர் இன்று வேலை செய்யும், நாளை நடுரோட்டில் நிறுத்தும். பழைய இன்சூரன்ஸ் பாலிசி நம்பரை வாங்கி, நஷ்ட ஈடு வாங்கிய வண்டியா என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

கணக்கு என்ன சொல்கிறது?

வீட்டில் ஓடிய கார் 5 லட்சம், அதே வயது டாக்சி 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் ஒரு லட்சம் என்று தோன்றும். வகை மாற்றும் வரி, நாலு டயர், கிளட்ச், சஸ்பென்ஷன், புது இன்சூரன்ஸ் என்று வரிசையாகக் கழித்தால் அந்த ஒரு லட்சத்தில் எவ்வளவு மிஞ்சும்? மூன்று ஆண்டு கழித்து விற்கப் போனால், "டாக்சியா ஓடினதாச்சே" என்று வாங்க வருபவரும் விலையைக் குறைப்பார். முதலில் குறைந்த விலை, கடைசியிலும் குறைந்த விலைதான்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2025–ம் ஆண்டு செப்டம்பர் 22–ந் தேதி முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. புதுக் கார் விலை இறங்கினால் பழைய காரின் விலையும் இறங்கியாக வேண்டும். அதற்கு முந்தைய விலையை இன்னமும் சொல்லும் புரோக்கரிடம் பேரம் பேச இது நல்ல ஆயுதம்.

வெள்ளைப் போர்டில் வாடகையா?

"வாங்கிப் போட்டா வீட்டுக்கும் ஆச்சு, சவாரிக்கும் ஆச்சு" என்று நினைப்பவர்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களில் கார் சோறு போடும் என்ற எண்ணம் இயற்கைதான். ஆனால் வெள்ளைப் போர்டில் சவாரி அடிப்பது சட்ட விரோதம். சொந்த உபயோகத்துக்கு எடுத்த இன்சூரன்ஸ் வாடகைச் சவாரியில் கைகொடுக்காது. பர்மிட் இல்லாமல் ஓடிய வண்டி மோதினால், இன்சூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2018–ம் ஆண்டில் தீர்ப்பளித்திருக்கிறது. ஒரு விபத்தில் வீடு, நிலம் எல்லாம் போய்விடும்.

சவாரிதான் நோக்கம் என்றால் மஞ்சள் போர்டை மாற்றாமல், பர்மிட்டோடு தன் பெயருக்கு வாங்குவதே சரி. அப்படி வாங்குபவருக்கு, ஒரே டிரைவர் ஓட்டிய டாக்சி லாபமாகக்கூட அமையலாம்.

முடிவு என்ன?

வாடகைக்கு ஓடிய கார் என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை. கம்பெனி குத்தகைக் காரை சர்வீஸ் பில்லோடு வாங்கலாம். ஒரே கையில் ஓடிய டாக்சியை, காகிதமும் அடித்தகடும் சுத்தமாக இருந்தால், விலையை நன்றாகக் குறைத்து வாங்கலாம். ஊரெல்லாம் ஓட்டிய வாடகைக் காரையும், தண்ணீரில் நின்ற காரையும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

நம்பிக்கையான மெக்கானிக் ஒருவருக்கு ஆயிரமோ ரெண்டாயிரமோ கொடுத்து, காரைப் பகல் வெளிச்சத்தில் லிப்டில் ஏற்றிக் காட்ட வேண்டும். அதற்குச் சம்மதிக்காத ஆளிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

வெயிலில் வெந்து, கால் வெடிக்க உப்பு வாரிச் சேர்த்த பணம் அது. அந்த உப்பே தின்றுவிட்ட காருக்கு அதைக் கொடுக்கலாமா?