பின்னறிவு அல்ல, அன்றே தெரிந்த உண்மை

2004 யூலை 30, வெள்ளிக்கிழமை. அமெரிக்கப் பேஸ்போலில் அணிகள் தமக்குள் வீரர்களைப் பரிமாறிக்கொள்வதற்கான காலக்கெடு முடிய ஒரு நாளே எஞ்சியிருந்தது. அன்று நியூயோர்க் மெற்ஸ் அணி, தன்னிடமிருந்த இளம் பந்தெறிவீரர்களுள் முதல்வரெனக் கருதப்பட்ட ஸ்கொட் காஸ்மீரை தம்பா பே டெவில் றேய்ஸ் அணிக்குக் கொடுத்து, விக்டர் சம்பிரானோ என்பவரைப் பெற்றுக்கொண்டது. உடன் போன ஒருவரையும் உடன் வந்த ஒருவரையும் விட்டுவிடுவோம். இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்தபின் இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு இப்போது சமாதானம் சொல்லும் குரல்கள் எழுகின்றன. காஸ்மீர் மட்டும் என்ன சாதித்துவிட்டார், இருபத்தேழாவது வயதிலேயே ஓர் அணி அவரைக் கைகழுவி அனுப்பிவிடவில்லையா, ஆகவே மெற்ஸ் அணியைத் திட்டுவதெல்லாம் பின்னறிவின் வீரம்தான் என்பது அந்தச் சமாதானத்தின் சாரம்.

நாகரிகமாகத் தோன்றும் இந்த வாதம் முற்றிலும் பிழையானது. ஒரு முடிவை அதன் பிற்கால விளைவைக் கொண்டு அளக்கக்கூடாது என்பது சரி. அப்படியாயின் அன்று மேசையில் என்ன இருந்தது என்பதைக் கொண்டு அளக்கவேண்டும். அந்த அளவுகோலால் அளந்தால் மெற்ஸ் அணியின் குற்றம் குறையவில்லை, கூடுகிறது.

கிரிக்கெற்றில் பழகிய நம்மவருக்காக ஒரு விளக்கம். கிரிக்கெற் தலைவரிடம் நான்கைந்து பந்துவீச்சாளர் இருப்பர்; ஒருவர் அடிவாங்கினால் அடுத்தவரிடம் பந்து போகும், பிறகு முதலாமவரே திரும்பியும் வரலாம். பேஸ்போலில் ஒருமுறை வெளியேற்றப்பட்டவர் அன்று திரும்ப முடியாது. ஆட்டத்தைத் தொடங்கும் பந்தெறிவீரரின் முறை ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் வரும்; ஆனால் அந்த நாளின் விதியிற் பெரும்பங்கு அவர் கையில். ஆகவேதான் வெற்றிக்குப் போட்டியிடும் அணிகள் யூலையில் பந்தெறிவீரர்களைத் தேடி அலைகின்றன. பருவம் கைநழுவிய அணிகள் தேர்ந்த வீரரைக் கொடுத்து இளைஞர்களைக் கேட்கின்றன. ஒருவருக்கு இன்று வேண்டும், மற்றவருக்கு நாளை வேண்டும். இந்தச் சந்தையில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

1987 ஓகஸ்ட் 12 அன்று டெற்றொயிற் டைகர்ஸ் அணி, 36 வயதான டொய்ல் அலெக்ஸாண்டரை அற்லாண்டாவிடம் வாங்கி, ஜோன் ஸ்மோல்ற்ஸ் என்னும் இருபது வயது இளைஞரைக் கொடுத்தது. (அக்கால விதிகள் ஓகஸ்டிலும் ஒரு வழி வைத்திருந்தன.) ஸ்மோல்ற்ஸ் பின்னர் 213 வெற்றிகளைப் பெற்று 2015 இல் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார். ஆயினும் டெற்றொயிற்றை நான் குறைசொல்ல மாட்டேன். அலெக்ஸாண்டர் வந்தபின் ஒன்பது ஆட்டங்களில் வென்றார், ஒன்றிலும் தோற்கவில்லை. டைகர்ஸ் தமது பிரிவில் முதலிடம் பெற்றது. நாளையை விற்றார்கள், ஆனால் வாங்கிக்கொள்ள அவர்களிடம் ஓர் இன்று இருந்தது.

2004 யூலை இறுதியில் மெற்ஸ் அணியிடம் அப்படி ஓர் இன்று இருந்ததா? மாதத் தொடக்கத்தில் சொந்த மைதானத்தில் யாங்கீஸ் அணியை மூன்று ஆட்டங்களிலும் வீழ்த்திய உற்சாகம் இருந்தது, உண்மைதான். அந்த உற்சாகம் மாத முடிவுக்குள் வடிந்துவிட்டது. பரிமாற்றம் நடந்த நாளில் அவ்வணி வென்ற ஆட்டங்களிலும் தோற்ற ஆட்டங்களே அதிகம். பட்டியலைப் பார்த்த எந்தக் கணக்குப்பிள்ளைக்கும் இது தெரிந்திருக்கும். இறுதியில் 71 வெற்றி, 91 தோல்வி.

அடுத்து, வாங்கிய பண்டம் எத்தகையது என்று பார்ப்போம். பந்தெறிவீரர் நான்கு பந்துகளைக் குறிதவறி எறிந்தால் மட்டையாளர் அடிக்காமலே முதலாம் தளத்துக்கு நடந்து போகலாம். அதை அங்கு ‘நடை’ என்றே சொல்கிறார்கள். 2003 இல் அமெரிக்க லீக்கில் மிக அதிகமான நடைகளைக் கொடுத்தவர் சம்பிரானோ. 2004 இல் மெற்ஸ் அணி அவரை வாங்கும்போது 128 இன்னிங்ஸில் 96 நடைகளைக் கொடுத்திருந்தார். ஒன்பது இன்னிங்ஸுக்கு ஏறத்தாழ ஏழு. நல்ல பந்தெறிவீரர் ஒருவர் மூன்றுக்குள் நிற்பார். இதிலுள்ள கொடிய வேடிக்கை என்னவெனில், பருவம் முடிய இரண்டு மாதங்கள் இருக்கையில் அந்த லீக்கைவிட்டே வெளியேறியபின்னும் அவ்வாண்டின் பட்டியலில் அவரே முதலிடத்தில் நின்றார். இது பின்னறிவா? யூலை 30 காலைப் பத்திரிகையில் அச்சாகியிருந்த எண்கள் இவை.

எண்கள் இப்படியிருக்க ஏன் வாங்கினார்கள்? அவரது பந்தில் வேகமும் வளைவும் இருந்தன. திருத்தக்கூடியவர் என்று நம்பினார்கள். பந்தெறிப் பயிற்சியாளர் றிக் பீற்றர்சன் பத்து நிமிடத்தில் அவரைச் சரிசெய்துவிடலாம் என்று சொன்னதாக எழுதப்பட்டது. அந்தப் பத்து நிமிடம் இன்றுவரை நியூயோர்க்கில் கேலிப்பொருளாக உலவுகிறது. எனக்கு அந்தக் கேலியில் நாட்டமில்லை. தன் தொழிலில் நம்பிக்கை வைப்பது பயிற்சியாளரின் இயல்பு. நோயாளியைக் குணப்படுத்தலாம் என்று வைத்தியர் சொல்லலாம். வீட்டை விற்று அந்தச் சிகிச்சையைச் செய்வதா என்று தீர்மானிக்கவேண்டியவர்கள் வேறு ஆட்கள் அல்லவா? 28 வயதான ஒருவரின் பழகிப்போன குறையைத் திருத்தலாம் என்ற நம்பிக்கைக்கு விலையாக, 2002 ஆம் ஆண்டுத் தெரிவில் பதினைந்தாவதாகத் தாமே எடுத்து வளர்த்த இருபது வயது இடதுகை வீரரைக் கொடுத்தார்கள். காஸ்மீர் உயரம் குறைந்தவர், உடல் தாங்காது என்று அஞ்சியதாகவும் காரணம் கூறப்பட்டது. அந்த அச்சம் உண்மையாயின் அதிக விலை கேட்டிருக்கவேண்டும். ஐயத்துக்குரிய இளமையை, அதைவிட ஐயத்துக்குரிய முதிர்ச்சிக்கு மாற்றுவது எந்த ஊர் வியாபாரம்?

இங்கே என் சொந்தத் தொழிலையும் ஒரு சொல் சொல்லியாகவேண்டும். காலக்கெடு என்பது பத்திரிகைக்காரரின் திருவிழா. அன்று எதுவும் செய்யாத அணி மறுநாள் தலைப்பில் சோம்பேறியாகிவிடும். எதையாவது செய்த அணி துணிச்சல்காரராகிவிடும். நியூயோர்க்கில் பக்கத்து மைதானத்தில் யாங்கீஸ் இருக்கையில் இந்த அழுத்தம் இரட்டிப்பாகும். மெற்ஸ் நிர்வாகம் அன்று வாங்கியது ஒரு பந்தெறிவீரரையன்று, ‘நாம் இன்னும் போட்டியில் இருக்கிறோம்’ என்ற ஒரு தலைப்பை என்பதே என் துணிபு. அதே நாளில் பிற்ஸ்பேர்க்கிலிருந்து கிறிஸ் பென்சன் என்ற இன்னொரு பந்தெறிவீரரையும் வாங்கினார்கள். அதற்காகக் கொடுத்தவர்களுள், கையில் வந்த அன்றே கைமாறிப் போன ஹொசே பௌற்றிஸ்ராவும் ஒருவர். அவர் 2010 இல் ரொறன்ரோவுக்காக 54 ஹோம் ரன் அடிப்பார் என்று யாரும் அன்று கண்டிருக்க முடியாது. அதை நான் குற்றப்பத்திரத்தில் சேர்க்கவில்லை. பின்னறிவு என்றால் அதுதான் பின்னறிவு.

சம்பிரானோ மெற்ஸ் சீருடையில் அந்தப் பருவத்தில் எறிந்தது மூன்றே ஆட்டங்கள், 14 இன்னிங்ஸ். முழங்கை நோவுடன் ஓய்வுக்குப் போனார். 2005 இல் 7 வெற்றி, 12 தோல்வி. 2006 மே 6 அன்று அற்லாண்டாவின் அன்ட்றூ ஜோன்ஸை ஆட்டமிழக்கச் செய்த மறுகணமே, யாரையும் பார்க்காமல் மேட்டைவிட்டு வீரர் கூடத்துக்கு ஓடினார், முழங்கை போய்விட்டது. மெற்ஸ் அணிக்கு அவர் பிறகு எறியவில்லை. தன்னை யார் யாருக்கு விற்றார்கள் என்பதில் எந்தப் பங்கும் இல்லாத அந்த மனிதர், மற்றவர் எழுதிய விலைச்சீட்டுக்காகச் சொந்த இரசிகர்களின் கூச்சலை வாங்கிக்கொண்டார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுவே.

காஸ்மீர் அதே ஓகஸ்டில் தம்பா பேக்காகக் களமிறங்கினார். அவரையும் தெய்வமாக்க வேண்டாம். 2005 இல் அவரும் நூறு நடைகளைக் கொடுத்தவர்தான். ஆனால் 2007 இல் 239 மட்டையாளர்களை மூன்று ஸ்ரைக்கில் வீழ்த்தி அமெரிக்க லீக்கில் முதலிடம் பெற்றார். 2008 இல் உலகத் தொடரின் முதல் ஆட்டத்தை எறிந்தார்.

மெற்ஸ் இரசிகர்கள் வழக்கமாக 2006 ஐ நினைத்துப் புலம்புவார்கள். காஸ்மீர் இருந்திருந்தால் சென் லூயிசிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றிருப்போமா என்பார்கள். அது தவறான புலம்பல். அந்த ஆண்டு அவர் தோள் நோவால் பருவ முடிவில் எறியவேயில்லை. புலம்பவேண்டிய ஆண்டுகள் வேறு. 2007 இல் 17 ஆட்டங்கள் மீதமிருக்க ஏழு ஆட்ட முன்னிலையில் நின்ற மெற்ஸ், கடைசி நாளில் ரொம் கிளவின் முதல் இன்னிங்ஸைக்கூட முடிக்காமல் ஏழு ஓட்டங்களைக் கொடுக்க, பிலடெல்பியாவிடம் ஒரேயொரு வெற்றியால் பிரிவை இழந்தது. அவ்வாண்டில் காஸ்மீர் 34 ஆட்டங்களைத் தொடங்கியவர். 2008 இல் மீண்டும் ஒரேயொரு வெற்றி. இம்முறை தட்டிப்பறித்தது மில்வாக்கி புறூவர்ஸ்.

அந்த மில்வாக்கியையே பாருங்கள். யூலை தொடக்கத்தில் சி.சி. சபாத்தியாவை வாங்கினார்கள், பருவம் முடிந்ததும் போய்விடுவார் என்று தெரிந்தே வாங்கினார்கள். கொடுத்தவர்களுள் பிற்காலத்தில் பெயர்பெற்ற மைக்கல் பிறான்ற்லியும் ஒருவர். சபாத்தியா 11 வெற்றி, 2 தோல்வி. கடைசி நாளில் முழு ஆட்டத்தையும் தானே எறிந்து, 26 ஆண்டுகளுக்குப்பின் அவ்வணியைப் பிந்திய சுற்றுக்குக் கொண்டுசென்றார். பிறகு யாங்கீஸுக்குப் போனார். மில்வாக்கியில் எவரும் அதை நினைத்து அழவில்லை. அவர்கள் வாங்கியது லீக்கின் மிகச் சிறந்த கரம். வாங்கிய நாளில் அவர்கள் போட்டியில் இருந்தார்கள்.

மெற்ஸ் பக்கத்தில் விலை கொடுத்தவர் யார்? பொது முகாமையாளர் ஜிம் டியூக்கெற்றின் நாற்காலி இரண்டே மாதத்தில் ஓமார் மினாயாவுக்குப் போனது. தலைமைப் பயிற்றுநர் ஆர்ட் ஹோ பருவம் முடியுமுன்பே நீக்கப்படுவது உறுதியாயிற்று. அணியின் முதன்மை இளைஞரை விற்கும் முடிவு உரிமையாளரின் ஒப்புதலின்றி நடந்திருக்கும் என்று நம்ப நான் தயாரில்லை. வில்போன் குடும்பம் அணியை ஸ்ரீவ் கோயனுக்கு விற்றுவிட்டு வெளியேறியது 2020 நவம்பரில்.