பெயர்ச்சீட்டு



நவம்பர் வந்துவிட்டது. கல்லறைத் தோட்டங்களில் புல் செதுக்கிச் சுண்ணாம்பு அடிக்கத் தொடங்கியிருப்பீர்கள். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், தூத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில், நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று எந்தக் குழிமேட்டில் மெழுகுவர்த்தி ஏற்றுவது என்று தெரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய அப்பாக்களைக் கடல் திருப்பித் தரவில்லை.

ஒக்கிப் புயல் அடித்த 2017 நவம்பர் 30-ஐ அந்தக் கரை மறக்காது. தூத்தூர்க்காரர்கள் தூண்டிலோடு ஆழ்கடலுக்குப் போய், நாள்கணக்கில் தங்கிச் சுறா பிடித்து வருகிறவர்கள். புயல் பற்றிய எச்சரிக்கை போய்ச் சேரும் தூரத்தில் பலர் இல்லை. தப்பிய படகுகள் சில லட்சத்தீவிலும், சில மகாராஷ்டிரக் கரையிலும் போய் ஒதுங்கின. மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்க ஊருக்கு இருந்த ஒரே இடம் பங்குக் கோயில்தான். யார் எந்தப் படகில் போனார், கூட யார் யார், கடைசியாக எப்போது பேசினார் என்று வீடு வீடாகக் கேட்டுப் பட்டியல் எழுதியது பங்குதான். காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி டிசம்பர் 7 அன்று மக்கள் குழித்துறையில் தண்டவாளத்தில் உட்கார்ந்தபோது பங்குத்தந்தையரும் உடன் உட்கார்ந்தார்கள்.

அதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. கடலில் கிடைத்ததில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொடுப்பது அந்தக் கரையின் பழைய வழக்கம். மீன் விற்ற காசில் எழுந்த சுவர்கள் அவை. அந்தக் காசைக் கொடுத்தவர் கரைக்கு வரவில்லை என்றால், அவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் கடன் கோயிலுக்கு உண்டு.

பணம் வந்தது, மறுக்கவில்லை. காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ள ஏழு ஆண்டுகள் ஆக வேண்டும் என்ற விதியைத் தளர்த்தி, அரசு ஒவ்வொரு குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாய் வழங்கியது. பள்ளிக் கட்டணம் கட்டப்பட்டது. ஆனால் ஆறு வயதுக் குழந்தைக்கு யார் என்ன சொல்வது? 2004 சுனாமியில் குளச்சலில் நூற்றுக்கணக்கானோரை ஒன்றாகப் புதைத்தார்கள். கொடுமைதான். ஆனாலும் அந்தப் பிள்ளைகளுக்குப் போய் நின்று அழ ஓர் இடம் கிடைத்தது. ஒக்கிப் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. “அப்பா குஜராத்துல இருக்காரு, வந்துருவாரு” என்று வீட்டில் சொல்லிவைத்தார்கள். அன்பினால் சொன்னதுதான். பிள்ளை நம்பியது. ஒவ்வொரு படகுச் சத்தத்துக்கும் வாசலுக்கு ஓடியது.

சில ஆண்டுகள் கழித்து, ஒரு நவம்பர் மாலையில், அந்தப் பக்கத்துக் கோயில் ஒன்றின் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். மறைக்கல்வி வகுப்பு. பூசையில் வாசிப்பதற்காக இறந்தவர்களின் பெயர்களை எழுதச் சொல்லி சிஸ்டர் பிள்ளைகளுக்குச் சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். வழக்கமாகப் பெரியவர்கள் எழுதுவது. ஒரு பையன் எழுதி, மடித்து, மறுபடி பிரித்து, அடைப்புக்குறிக்குள் இன்னொரு பெயரைச் சேர்த்தான். பட்டப்பெயர்.

“சிஸ்டர், இதையும் வாசிப்பாங்களா? கடல்ல அப்பாவ எல்லாரும் இப்பிடித்தான் விளிப்பாங்களாம். மாமா சொன்னாரு.”

“வாசிக்கச் சொல்லுதேன் மக்களே.”

அவர் அதோடு விடவில்லை. “அப்பாவுக்குக் கடல்ல வேற என்னெல்லாம் பிடிக்குமாம்? மாமாகிட்ட கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லு” என்றார். பையன் தலையாட்டினான். “அப்பா இனி வரமாட்டாருல்லா?” என்று கேட்டான். சிஸ்டர் பேச்சை மாற்றவில்லை. சாமிகிட்ட இருக்கார், தூங்குகிறார் என்றெல்லாம் சொல்லவில்லை. “வரமாட்டாரு மக்களே” என்றார். அவன் தோளில் கை வைத்துக்கொண்டு, அவன் அழுது முடிக்கும்வரை அங்கேயே நின்றார். மற்ற பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

நான் இத்தனை ஆண்டு பத்திரிகையில் துக்கம் பற்றி எவ்வளவோ வெளியிட்டிருக்கிறேன். பிள்ளைகளிடம் எதையும் மறைக்காதீர்கள், இறந்துவிட்டார் என்ற சொல்லையே சொல்லுங்கள் என்று மருத்துவர்கள் சொல்வதையும் போட்டிருக்கிறேன். அது எவ்வளவு கடினம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தச் சொல்லைச் சொன்னவர் அதற்குப் பிறகு பக்கத்திலேயே நிற்க வேண்டும். நாளைக்கும், அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்து நிற்க வேண்டும். ஏழாம் நாளோடும் நாற்பத்தொன்றாம் நாளோடும் உறவுகள் கலைந்துபோன பிறகும், ஒரு பங்கினால் அது முடியும். அந்தப் பிள்ளை வாராவாரம் அங்கே வருகிறதே!

மறுநாள் பூசையில் ஒலிபெருக்கியில் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. பட்டப்பெயர் வந்தபோது ஆண்கள் பக்கத்தில் யாரோ சின்னதாகச் சிரித்தார்கள். கூடக் கடலுக்குப் போனவர்களாக இருக்கும். பையன் திரும்பி, சிரித்தது யார் என்று தேடினான்.

இந்த 2-ஆம் தேதி உங்கள் வீட்டில் பெயர்ச்சீட்டு எழுதும்போது, பேனாவைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்