நடையும் வேண்டும், சொட்டு மருந்தும் வேண்டும்



காலையில் என்னோடு மைதானத்தில் நடக்கும் நண்பர் ஒருவர், என்னைப் போலவே ஓய்வுபெற்ற ஆசிரியர். 94 கிலோ இருந்தவர், ஆறு மாதம் விடாமல் நடந்து 7 கிலோ குறைத்துவிட்டார். போன வாரம் பெருமையாகச் சொன்னார்: "சார், கண் அழுத்தத்துக்குப் போட்டுக்கிட்டிருந்த சொட்டு மருந்தை நிறுத்திட்டேன். அதான் நடக்கிறேனே!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அவர் நம்பியதில் பாதி உண்மைதான். உடல் பருமன் உள்ளவர்களுக்குக் கண்ணின் உள்அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருப்பதுண்டு. வேகமாக நடந்தால், சைக்கிள் மிதித்தால் அது குறையும். ஆனால் நடையை முடித்த கொஞ்ச நேரத்தில் பழைய நிலைக்கே திரும்பிவிடும்.

நடையின் பெரிய லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் வருகின்றன. அதனால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கெடும் ஆபத்து குறைகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி. தினம் அரை மணி, வாரம் ஐந்து நாள். பைசா செலவில்லை. பருமனாக இருப்பவர்கள் 'கண்ணுக்கும் சேர்த்துத்தான் நடக்கிறோம்' என்று நினைத்து நடக்க வேண்டும் என்பேன்.

ஆனால் கிளாக்கோமா அப்படி விட்டுவிடக்கூடிய நோயல்ல. பெரும்பாலும் வலி இருக்காது. பார்வை ஓரத்திலிருந்து மெல்ல மெல்லக் குறையும். நமக்குத் தெரியவரும்போது நரம்பு பாதி கெட்டிருக்கும். போன பார்வை திரும்பாது. சர்க்கரையால் வரும் விழித்திரைப் பாதிப்பும் ஆரம்பத்தில் எதையும் காட்டிக்கொள்ளாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எல்லாப் பயிற்சியும் கண்ணுக்கு நல்லதல்ல. மூச்சைப் பிடித்துக்கொண்டு பளு தூக்குவதும் சிரசாசனமும் கண் அழுத்தத்தை ஏற்றும். கிளாக்கோமா உள்ளவர்களும், விழித்திரை பாதிக்கப்பட்ட சர்க்கரை நோயாளிகளும் டாக்டரைக் கேட்காமல் இவற்றில் இறங்க வேண்டாம்.

நண்பரிடம் ஆசிரியர் பாஷையிலேயே கேட்டேன்: "கணக்கில் நூறு வாங்கிட்டேன்னு ஒரு பையன் அறிவியல் பரீட்சைக்கு வராமல் இருந்தால் விடுவீங்களா சார்?" சிரித்தார். மறுநாளே கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். சொட்டு மருந்து மறுபடி தொடங்கியாயிற்று. நடையும் நிற்கவில்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி மருந்தை நிறுத்தியிருக்கிறார்களா? இன்றைக்கே கேட்டுவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனைக்கும் அழைத்துப் போங்கள்.