விடுகைப் பத்திரம் மருந்தாகுமா?

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம், 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பதைக் குற்றமாக்கியது. சட்டத்தின் கண்ணில் குற்றவாளி விற்றவரே. பாடசாலையிலோ தண்டனை குடித்த மாணவனுக்கு. அவன் கையில் விடுகைப் பத்திரம்.

சிகிச்சை பெற்றுக் குடியை விட்டுத் திரும்புபவனையும் வாசலிலேயே மறிக்கிறார்கள். "மற்றப் பிள்ளைகளும் கெட்டுப் போவார்கள்" என்று ஓர் அதிபர் என்னிடமே சொன்னார். காசநோய் குணமாகி வருபவனை அவ்வாறு திருப்பி அனுப்புவாரா? மதுவுக்கு அடிமையாதலும் நோயே என்று மருத்துவம் எப்போதோ சொல்லிவிட்டது. பகல் முழுதும் தெருவில் நிற்கும் 16 வயதுப் பையனை அழைத்துக்கொள்ளப் பழைய கூட்டாளிகளை விட்டால் வேறு யார் உளர்?

அவனுக்கு வேண்டியவை சில: வகுப்பில் அவனது பழைய இடம், கிளினிக் நாளில் விடுமுறை, இரகசியம் காக்கும் ஓர் ஆசிரியர். மீண்டும் தவறினால் சிகிச்சைக்கு அனுப்புங்கள், வீட்டுக்கல்ல.

அமெரிக்காவின் மினசோட்டாவில் 1980களிலேயே இத்தகைய மாணவருக்கெனத் தனிப் பாடசாலைகள் தோன்றின. நாம் தனிப் பாடசாலை கேட்கவில்லை. இருக்கும் பாடசாலையின் கதவைத் திறக்கவே கேட்கிறோம். இலவசக் கல்வி 'நல்ல பிள்ளைகளுக்கு' மட்டுமே என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது, அதிபர்களே?